அலுவலக மெயில் பயிற்சி மாநாடு: லேப் அறைக்காகப் போகலாம், மேடை உரைக்காக வேண்டாம்

அவுட்லுக் மெயில் செயலியும், பின்னணியில் மெயில்பாக்ஸ்களை நடத்தும் எக்ஸ்சேஞ்ச் சர்வரும் வைத்து வேலை பார்க்கும் அலுவலகங்களுக்கான இரண்டு நாள் மண்டலப் பயிற்சி மாநாடு இது. மேடையில் புது வசதிகளைக் காட்டும் உரைகள், பக்கத்து அறையில் கைப்பயிற்சி லேப், கடைசியில் சந்தேக மேசை என மூன்று பகுதிகள். மேடை உரைகளைத் தவறவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. ஸ்லைடுகளைப் பிறகு அரை மணி நேரத்தில் புரட்டிவிடலாம். லேப் அப்படியில்லை. அலுவலகத்திலிருந்து ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றால் மேலாளரை விட்டுவிட்டு, பொது மெயில்பாக்ஸைத் தினமும் திறந்து பார்க்கிறவரை அனுப்புங்கள்.

முதல் நாளில் உருப்படியானது ரூல், அதாவது மெயிலைத் தானாகக் கையாள அவுட்லுக்குக்குச் சொல்லிவைக்கும் விதி, பற்றிய லேப். பயிற்றுநர் இரண்டே ரூல்களை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினார், அதில் ஒரு நிமிடம்கூட வீணில்லை. முதல் ரூல்: தலைப்பில் ‘பில்’ என்று இருந்தால் கணக்குப் பிரிவு ஃபோல்டருக்கு நகர்த்து. இரண்டாவது: மேலாளரிடமிருந்து வந்தால் சிவப்பு வகைக்குறி போடு. மேலாளர் பில் பற்றி மெயில் அனுப்பினால் அது ஃபோல்டருக்குப் போகிறது, சிவப்புக் குறி மட்டும் விழுவதில்லை. முதல் ரூலின் அடியில் ‘இதற்கு மேல் ரூல்களைப் பார்க்காதே’ என்ற டிக் இருந்ததுதான் காரணம். அவுட்லுக் தரும் தயார் ரூல்கள் பலவற்றில் அது தானாகவே ஒட்டிக்கொண்டு வரும். அந்த டிக்கை எடுக்கலாம், அல்லது மேலாளர் ரூலை மேலே ஏற்றலாம். இன்னொரு வேடிக்கை: தலைப்பில் தேடும்போது அவுட்லுக் முழுச்சொல்லைப் பார்ப்பதில்லை, எழுத்துத் தொடரைத்தான் பார்க்கிறது. ‘பில்டிங் பராமரிப்பு’ மெயிலும் கணக்குப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்து, சர்வரில் ஓடும் ரூலுக்கும் கணினியில் மட்டும் ஓடும் ரூலுக்கும் உள்ள வேறுபாடு. ஒலி எழுப்பு, திரையில் அறிவிப்புக் காட்டு, பிஎஸ்டி கோப்புக்குள் (கணினியிலேயே இருக்கும் மெயில் சேமிப்பு) நகர்த்து என்று எதையாவது சேர்த்தால் அந்த ரூல் கணினிக்கானதாக மாறிவிடும். அவுட்லுக் திறந்திருந்தால்தான் வேலை செய்யும். விடுமுறை முடிந்து வந்தால் இன்பாக்ஸ் பிதுங்கி வழிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புதிய அவுட்லுக்குக்கு மாறினால் இந்த வகை ரூல்கள் ஓடவே ஓடாது என்பதை மாறுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ரூல்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு மெயில்பாக்ஸுக்கு 256 கேபிதான் இடம் என்பதும் பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. அது நிறைந்துவிட்டால் புது ரூல் சேமிக்காது. ஒரே ஃபோல்டருக்குப் போகும் ரூல்களை ஒன்றாக்கி, பெயர்களைச் சுருக்க வேண்டும்.

ஷேர்டு மெயில்பாக்ஸ், அதாவது பலர் சேர்ந்து பார்க்கும் பொது மெயில்பாக்ஸ், பற்றிய லேப் இதைவிட ஒரு படி மேல். முழு அணுகல், அந்த மெயில்பாக்ஸின் பெயரிலேயே அனுப்பும் உரிமை, அனுப்புகிறவர் பெயரும் தெரியும்படி அதன் சார்பாக அனுப்பும் உரிமை மூன்றும் வெவ்வேறு. முழு அணுகல் மட்டும் கொடுத்தால் படிக்கலாம், அழிக்கலாம், அனுப்ப முடியாது. உரிமை கொடுத்த உடனே சோதித்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று மறுபடி மாற்றுவதுதான் புது அட்மின்கள் செய்யும் தப்பு. மாற்றம் போய்ச் சேர நேரமாகும், ஒரு மணி நேரமாவது பொறுங்கள். குழு வழியாக உரிமை கொடுத்தால் மெயில்பாக்ஸ் அவுட்லுக்கின் இடப்பக்கம் தானாக வந்து நிற்காது, ஆளுக்கு ஆள் தனியாகக் கொடுத்தால்தான் வரும்.

இந்த லேபில் அதிகம் பேசப்பட்டது அனுப்பிய மெயில் எங்கே போகிறது என்ற விஷயம். பொது முகவரியிலிருந்து ஒருவர் பதில் போட்டால், நகல் அவருடைய சொந்த ‘அனுப்பியவை’ ஃபோல்டரில் விழும். பக்கத்து இருக்கைக்காரருக்கு அது தெரியாது, அவரும் அதே வாடிக்கையாளருக்கு இன்னொரு பதில் போடுவார். அட்மின் தட்டும் ‘செட்-மெயில்பாக்ஸ்’ கட்டளையில் ‘மெசேஜ்காப்பிஃபார்சென்ட்ஆஸ்எனேபிள்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால் பொது மெயில்பாக்ஸிலும் ஒரு நகல் விழும். சார்பாக அனுப்புவதற்கு அதே கட்டளையில் தனி அமைப்பு உண்டு, அதையும் மறக்கக் கூடாது. தனி உரிமம் இல்லாத ஷேர்டு மெயில்பாக்ஸுக்கு 50 ஜிபி வரைதான் இடம் என்பதால், இரட்டை நகலை இயக்கிய பிறகு அளவையும் கவனிக்க வேண்டும்.

ஏற்பாட்டில் சொதப்பியது ஓர் இடம். லேப் கணினிகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்கைத் திறந்தார்கள்; ஒவ்வொரு அவுட்லுக்கும் மெயில்பாக்ஸைக் கணினிக்கு இறக்கத் தொடங்கியது, வைஃபை படுத்துவிட்டது. கணக்கு அமைப்பில் ‘எவ்வளவு காலத்து மெயில் கணினியில் இருக்க வேண்டும்’ என்ற நகர்த்தியை முன்கூட்டியே ஒரு மாதத்துக்குக் குறைத்திருந்தால் போதும். பயிற்சி கொடுப்பவர்களே இதை மறந்ததுதான் கொடுமை. போகிறவர்களுக்கு இன்னொன்று: அலுவலகக் கணக்கை லேபில் திறக்காதீர்கள், சோதனைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ரூல்களை வேண்டுமானால் ஏற்றுமதி செய்து, அந்த ஆர்டபிள்யூஇசட் கோப்பை மட்டும் எடுத்துப் போங்கள்.

அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெறுவது பற்றிய உரைக்குக் கூட்டம் அலைமோதியது. உள்ளே போனால் சொன்னது ஒரே வரி: உங்கள் நிறுவனத்துக்கு வெளியே போன மெயில் திரும்பாது. அதைவிடப் பயனுள்ளது, எல்லா மெயிலையும் இரண்டு நிமிடம் தாமதித்து அனுப்பும் ரூல். பழைய அவுட்லுக்கில் 120 நிமிடம் வரை வைக்கலாம். அவசர மெயிலுக்கு ‘முக்கியம்’ குறியிட்டால் விலக்கு என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். இதுவும் கணினியில் ஓடும் ரூல்தான்: அனுப்பிய கையோடு அவுட்லுக்கை மூடினால் மெயில் அவுட்பாக்ஸிலேயே கிடக்கும். இந்த எச்சரிக்கையை உரையாளர் சொல்லவில்லை, கேள்வி நேரத்தில்தான் வெளியே வந்தது.

உங்கள் முகவரியில் பிறர் போலி மெயில் அனுப்புவதைத் தடுக்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பற்றிய உரை சுமார். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு (அந்தப் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) ஒன்றுதான் இருக்க வேண்டும், அதற்குள் டிஎன்எஸ் தேடல் (இணையப் பெயர்ப் பதிவுகளில் தேடுவது) பத்தைத் தாண்டக் கூடாது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டால் போதும்.

சந்தேக மேசையைத் தவறவிடாதீர்கள். ஆளுக்குப் பத்து நிமிடம்தான் தருகிறார்கள், ஆகவே திரும்பி வந்த மெயிலின் பிழைச் செய்தியை முழுசாகக் கொண்டுபோக வேண்டும். ‘மெயில் போகல’ என்று வாயால் சொன்னால் பத்து நிமிடமும் கேள்வியிலேயே கரையும். அங்கே தீர்ந்த ஒரு பிரச்சினை: வேலையை விட்டுப் போய்த் திரும்பி வந்தவருக்கு அதே முகவரியில் புதுக் கணக்கு. வெளியாட்கள் அனுப்புவது வருகிறது, பக்கத்து மேசையிலிருந்து அனுப்புவது மட்டும் திரும்புகிறது. பிழைச் செய்தியில் ‘ஐஎம்சிஇஏஇஎக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட முகவரி இருந்ததைப் பார்த்ததுமே பயிற்றுநர் பிடித்துவிட்டார். பெயரைத் தட்டும்போது அவுட்லுக் நீட்டும் பரிந்துரையில் பழைய கணக்கின் உள்முகவரி (எக்ஸ்சேஞ்ச் தனக்குள் பயன்படுத்தும் முகவரி) ஒட்டியிருக்கிறது. அனுப்புகிறவர் அந்தப் பரிந்துரையைப் பக்கத்திலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி நீக்கிவிட்டு, முகவரிப் பட்டியலிலிருந்து பெயரைப் புதிதாக எடுக்க வேண்டும். நூறு பேரிடம் போய் இதைச் சொல்ல முடியாது என்றால், அட்மின் அந்தப் பழைய உள்முகவரியைப் புதுக் கணக்கில் எக்ஸ்500 என்ற வகைக் கூடுதல் முகவரியாகச் சேர்த்துவிடலாம்.