நோசிங் வாங்கும்போது பட்டையை விட்டுவிட்டு ரப்பரைப் பாருங்கள்

குடியாத்தத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பன் போன் செய்து, படிக்கு நோசிங், அதாவது வழுக்காமல் இருக்கப் படியின் விளிம்பில் பொருத்துகிற பட்டை, போடலாமா, போட்டால் எதைப் போடுவது என்று கேட்டான். எங்கள் வேலூர் சத்துவாச்சாரி வீட்டு வெளிப்படியில் அப்போதுதான் ரிப்பேர் வேலை முடிந்திருந்தது, நான் இருந்த கோபத்தில் போடாதே என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது அவனுக்குப் போதாது, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

எங்களுடையது அலுமினியத்தில் எல் (L) வடிவப் பட்டை. மேல்புறம் ஒரு பள்ளம் இருக்கும், அதில் கறுப்பு பிவிசி ரப்பரைச் செருகியிருப்பார்கள். உள்ளே மாடிக்குப் போகிற படிக்கும் வெளியே வாடகைக்காரர்கள் ஏறுகிற திறந்த படிக்கும் இதையேதான் போட்டோம். இரண்டுமே வெளிர் சாம்பல் கிரானைட், பாலிஷ் போட்டது.

உள்படியில் இது கொடுத்த நிம்மதியை முதலில் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்குக் கண்புரை. மேலேயிருந்து பார்த்தால் சாம்பல் கல் படி எல்லாம் சேர்ந்து ஒரே சரிவாகத் தெரிகிறது, எங்கே ஒரு படி முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை என்பார். கறுப்புக் கோடு வந்ததும் ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது, தானாக இறங்குகிறார். வழுக்காமல் இருக்கத்தான் நோசிங் என்று நினைத்து வாங்கினோம், கண்ணுக்கு இவ்வளவு உதவும் என்று யாரும் சொல்லவில்லை. கறுப்பு கிரானைட்டில் கறுப்பு ரப்பர் போடுகிறார்கள், அதில் இந்தப் பலன் கிடைக்கவே கிடைக்காது. கல்லின் நிறத்துக்கு எதிரான நிறமாகப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது வெளிப்படி. மேற்குப் பார்த்தது, நிழல் கிடையாது. வேலூர் வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை, மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், அதில் கிடக்கிற உலோகம் அதைவிட எவ்வளவோ அதிகமாகக் கொதிக்கும். பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரப்பர்தான் போனது. பிவிசியை வளையும்படி வைத்திருக்கிற பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், அப்புறம் அது விறைத்துச் சுருங்கும். முதலில் இரண்டு ஓரத்திலும் இடைவெளி விழுந்தது, அதில் மண் சேர்ந்தது, பிறகு முனை மேலே சுருண்டு நின்றது. வழுக்கி விழாமல் இருக்கப் போட்ட பொருளே செருப்பு முனையைத் தடுக்க ஆரம்பித்தால் கோபம் வருமா வராதா?

சரி, ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று வாங்கின கடைக்கே போனேன். "வெளிய போட்டீங்களா சார்? அது அப்படித்தான் ஆவும். ரப்பர் தனியா வராது, பட்டையோட எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். வேறு கடைகளில் கிடைத்த ரப்பர் எங்கள் பள்ளத்தில் உட்காரவில்லை, ஒன்று அகலம் அதிகம், இன்னொன்று தளர்ந்து கழன்றது. ஆளுக்கொரு அளவில் பள்ளம் போட்டு விற்கிறார்கள். தேய்ந்துபோகப் போகிற ஒரே பாகம் அந்த ரப்பர், அதைத் தனியாக விற்காமல் நல்லா இருக்கிற அலுமினியத்தைப் பெயர்த்துப் போடச் சொல்வது என்ன நியாயம்? இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பட்டை வாங்கும்போதே உதிரி ரப்பரையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வெயிலில் போடுவதாக இருந்தால் இபிடிஎம் ரப்பர் இருக்கிறதா என்று கேளுங்கள், அது பிவிசியைவிட வெயில் தாங்கும்.

கடைசியில் வெளிப்படிப் பட்டைகளை எல்லாம் கழற்றிவிட்டு, கல் வேலை செய்கிறவரை வைத்துக் கல்லின் முனையை ஒட்டியே மூன்று வரி பள்ளம் வெட்டி, திருகு ஓட்டைகளை அடைத்தோம். இறங்கும்போது பாதத்தின் முன்பகுதி விளிம்பில்தான் அழுந்தும், அதனால் வரி உள்ளே தள்ளிப் போனால் பிரயோஜனமில்லை. உங்கள் வீட்டில் கல்லே இன்னும் வாங்கவில்லையென்றால் திறந்த படிக்கு பாலிஷ் கல்லே வேண்டாம், தீச்சுடர் காட்டிச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம் ஃபினிஷ் கிரானைட் கேளுங்கள், நோசிங் செலவே மிச்சம். சோளிங்கர் பெரிய மலையில் 1305 படி, எந்தப் படிக்கும் பட்டை அடித்து நான் பார்த்ததில்லை, கொத்தின கல்லின் சொரசொரப்புதான் காலைப் பிடித்துக்கொள்கிறது.

மற்ற வகைகளையும் அவன் கேட்டான். பித்தளை அழகுதான், ஆனால் வரி போடாத பித்தளை ஈரக் காலுக்கு வழுக்கும், புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு வைத்த பட்டை கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சரி, வெறுங்காலில் நடக்கிற நம் வீட்டுக்கு ஆகாது, மாப் துணியையும் கிழித்துவிடும். ஒட்டுகிற டேப் வெயிலில் நிற்காது.

எல் பட்டை போடுவதென்றால் கல் முனை நேராக இருக்க வேண்டும், அரைவட்ட மோல்டிங் போட்டுவிட்டால் பட்டை உட்காராது, ஆகவே கல்லை வெட்டக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். 3 அடிப் படிக்கு 8 அடி நீளப் பட்டை வாங்கினால் இரண்டு துண்டு போக 2 அடி வீண், 10 அடியில் மூன்று வரும். வெறும் எபாக்ஸி பசையை நம்பாதீர்கள். ஒரு மீட்டர் அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.023 மி.மீ. நீளும், கிரானைட் நீளுவது ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான், கெட்டியான பசை அந்த இழுப்பில் விட்டுவிடும். வளைந்து கொடுக்கிற சிலிகான் பசையும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) திருகும் சேர்த்துப் போடுங்கள், திருகுத் தலை பட்டைக்குள் அமுங்கியிருக்க வேண்டும். இன்னொன்று, நண்பன் இன்னும் படிக்கு கான்கிரீட் போடவில்லை: தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 வீட்டுப் படிக்குக் குறைந்தது 250 மி.மீ. மிதியும் (கால் வைக்கிற அகலம்) அதிகபட்சம் 190 மி.மீ. உயரமும் சொல்கிறது. அதில் கோட்டைவிட்டால் எந்தப் பட்டையும் காப்பாற்றாது.

உள்படியில் ரப்பர் இன்றுவரை புதிது மாதிரி இருக்கிறது, அம்மா அதை எடுக்கவே விடமாட்டார். ஆனாலும் அந்தப் பட்டையை வாங்கு என்று எழுத எனக்கு இன்றைக்கு மனசு வரவில்லை. ரப்பர் தனியாகக் கிடைக்கிற வரைக்கும் வாங்காதே, உள்படிக்கும்தான்.