ரெவிட் மாடல் வாங்குவோர் கவனத்துக்கு: படத்தில் இல்லாத சுவர் பி.ஓ.க்யூ.வில் இருக்கிறது

கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவில் வீடு கட்டும் ஒரு குடும்பத்துக்கு, சமவெளியில் இருந்து இயங்கும் ஒரு டிராஃப்டிங் சர்வீஸ் ரெவிட் (கட்டடத்தை 3டி மாடலாக வரையும் மென்பொருள்) மாடல் செய்து கொடுத்தது. பிளான், செக்‌ஷன், எலிவேஷன், பி.ஓ.க்யூ. (எந்த வேலைக்கு எவ்வளவு பொருள் என்ற அளவுப் பட்டியல்) எல்லாம் பி.டி.எஃப். ஆக வந்தன. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. மீதிப் பணமும் போய்ச் சேர்ந்துவிட்டது. கான்ட்ராக்டர் ரேட் போட உட்கார்ந்தபோதுதான் கணக்கு இடித்தது.

படத்தில் இருக்கும் கல் தடுப்புச் சுவர் 18 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். மேலே 0.6, அடியில் 1.5, சராசரி 1.05 மீட்டர் கனம். பெருக்கினால் 56.70 கன மீட்டர். பி.ஓ.க்யூ.வில் இருந்ததோ 91.26. மிச்சம் 34.56 கன மீட்டர் கல் கட்டு எங்கே இருக்கிறது என்று எந்த ஷீட்டைப் புரட்டினாலும் தெரியவில்லை.

ஃபைலைத் திறந்து பார்த்தால் அது இருந்தது. முதல் டிசைனில் போட்ட 16 மீட்டர் நீள, 2.4 மீட்டர் உயரச் சுவர், புதிய சுவருக்கு இரண்டு மீட்டர் மேட்டுப் பக்கம் தள்ளி அப்படியே நின்றுகொண்டிருந்தது. டிசைன் மாறியபோது அதை அழிக்காமல், ஒவ்வொரு வியூவிலும் (மாடலை ஒரு கோணத்தில் காட்டும் படம்) செலக்ட் செய்து மறைத்துவிட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு வந்த பதில்: "ஹைட் பண்ணியாச்சு சார், பிரிண்ட்ல வராது." பிரிண்டில் வராது என்பது உண்மைதான். ஆனால் ரெவிட்டில் மறைப்பது அந்த ஒரு வியூவுக்கு மட்டும். பி.ஓ.க்யூ.வுக்கு அளவு எடுக்கும் ஷெட்யூல் என்ற பட்டியல் மாடலைப் பார்த்து எண்ணும், படத்தைப் பார்த்து அல்ல. பெரிய லாரி போகாத பாதையில் கல்லை ஜங்ஷனில் இறக்கி, சின்ன வண்டியில் ஏற்றி மறுபடி இறக்கும் ஊரில், இல்லாத 34 கன மீட்டருக்கு ஒருவர் ரேட் போட்டால் என்ன ஆகும் என்று மலையில் வீடு கட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது அதிகப்படியான பில்லோடு நின்றிருந்தால் பணப் பிரச்சினை. அதே ஃபைலில் இன்னும் சில மறைப்புகள் இருந்தன. அவை அதைவிட மோசம்.

ஒன்று, செக்‌ஷனில் தரைக்கோடு. சர்வே லெவல்படி சுவர் வரும் இடத்தில் மண் வெட்டு 4.1 மீட்டர். படத்தில் 3 மீட்டர்தான் காட்டியது. டோப்போசாலிட் (மாடலில் உள்ள தரை) கேட்டகரியையே அந்த செக்‌ஷனில் அணைத்துவிட்டு, மேலே டீடெயில் லைனால் (மாடலோடு தொடர்பில்லாமல் படத்தில் மட்டும் வரையும் கோடு) ஒரு தரைக்கோடு வரைந்து, அடியில் ஃபில்ட் ரீஜனால் (படத்தில் மட்டும் நிரப்பும் பரப்பு) மண்ணைக் குறிக்கும் ஹேட்ச் நிரப்பியிருக்கிறார்கள். 3 மீட்டர் சுவர் போதும் என்று படம் சொல்ல, மலை 4.1 கேட்கிறது. ஜேசிபி இறக்கவே அனுமதி வாங்க வேண்டிய மாவட்டத்தில், வெட்டு உயரத்தைக் குறைத்துக் காட்டும் படம் கையில் இருப்பது கட்டுபவர் தலையில்தான் விடியும்.

இரண்டு, கழிவறையின் 110 மி.மீ. பைப் 450 மி.மீ. ஆழ பீமின் நடுவே புகுந்து போகிறது. பைப்பைத் திருப்பி விடுவதற்குப் பதில் அந்த செக்‌ஷனில் பைப்பை மறைத்துவிட்டார்கள். சைட்டில் பிளம்பர் வந்து கோர் கட்டிங் (கான்கிரீட்டில் வட்டத் துளை) போட்டு ஸ்டிரப்பை (பீமின் வளையக் கம்பி) அறுத்த பிறகுதான் இது வெளியே வரும். கூடவே, சுவருக்கு மேட்டுப் பக்கம் போட வேண்டிய வடிகால், படிக்கட்டோடு மோதியதால் சைட் பிளானில் காணாமல் போயிருந்தது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி இறங்கும் என்பதற்கு 2009 நவம்பர் மண்சரிவே சாட்சி. மேட்டு வடிகால் இல்லாமல், சுவரின் பின்னால் தண்ணீர் தேங்கினால், மண்ணின் தள்ளோடு தண்ணீரின் தள்ளும் சேர்ந்துகொள்ளும். வீப் ஹோல் (சுவரில் தண்ணீர் வெளியேற விடும் துளை) மட்டும் அதைத் தாங்காது.

இனி, இதைப் பிடிப்பது எப்படி.

பி.டி.எஃப்.ஐ மட்டும் வாங்கிக்கொண்டு கடைசித் தவணையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஆர்.வி.டி. (ரெவிட்டின் மூல) ஃபைல் வேண்டும், எந்த வருட ரெவிட்டில் செய்தது என்பதும் முதலிலேயே பேசியிருக்க வேண்டும். புதிய வெர்ஷனில் சேவ் செய்ததைப் பழைய வெர்ஷன் திறக்காது. "உங்க சிஸ்டத்துல ஓப்பன் ஆகலைன்னா நாங்க என்ன பண்றது" என்பது நன்றாகப் பழகிய சால்ஜாப்பு. சொந்தமாக ரெவிட் இல்லாவிட்டால் அதன் வியூவர் மோடே போதும். பார்க்கலாம், கிளிக் செய்யலாம், சேவ் மட்டும் ஆகாது. அதுவும் ஒரு வகையில் நல்லது.

வந்த ஃபைலை முதலில் காப்பி எடுத்து ஒதுக்கி வையுங்கள். காப்பியைத் திறக்கும்போது, ஒர்க்ஷேரிங் (பலர் சேர்ந்து வேலை செய்யும்) ஃபைல் என்றால் டிடாச் (மைய ஃபைலில் இருந்து பிரிப்பது) டிக் செய்து, ஓப்பன் பட்டன் பக்கத்து அம்புக்குறியில் எல்லா ஒர்க்செட்டையும் (பொருள்களைப் பிரித்து வைக்கும் தொகுதி) திறக்கச் சொல்லுங்கள். மூடிய ஒர்க்செட்டில் இருப்பது எந்த சோதனையிலும் கண்ணில் படாது.

பிறகு ஷீட்டில் உள்ள ஒவ்வொரு வியூவாகத் திறந்து ஆர், ஹெச் என்று இரண்டு எழுத்து தட்டுங்கள். இல்லையென்றால் வியூவின் அடியில் இருக்கும் பல்ப் ஐகான். திரையைச் சுற்றி மெஜந்தா கட்டம் வரும், மறைத்தவை எல்லாம் அதே நிறத்தில் தெரியும், மற்றவை மங்கும். சந்தேகமான ஒன்றைக் கிளிக் செய்து மேலே ரிப்பனைப் பாருங்கள். 'அன்ஹைட் எலிமெண்ட்' பட்டன் எரிந்தால் அந்த ஒரு பொருளைத் தேடிப் பிடித்து மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். 'அன்ஹைட் கேட்டகரி' எரிந்தால் அந்த வகை முழுவதும் அணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதற்கு நியாயமான காரணம் பல இருக்கும்: ஸ்ட்ரக்சுரல் பிளானில் ஃபர்னிச்சர் எதற்கு? முதலாவதுதான் கேள்வி கேட்க வேண்டிய இடம். ஒரே ஒரு பைப், ஒரே ஒரு சுவர், ஒரே ஒரு பீம் மட்டும் மறைந்திருந்தால் அங்கே ஏதோ மோதியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நீலப்பச்சைக் கட்டம் வேறு சங்கதி, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹெச், ஹெச் தட்டினால் தற்காலிக மறைப்பு. ஹெச், ஐ தட்டினால் தேர்ந்ததை மட்டும் தனியே காட்டும். ஹெச், ஆர் தட்டினால் பழையபடி திரும்பும். ஃபைலை மூடினால் அந்த மறைப்பு போய்விடும். வேலை செய்பவர் நாள் முழுக்கப் பயன்படுத்த வேண்டியது இதைத்தான். ஈ, ஹெச் தட்டினால் வருவது நிரந்தர மறைப்பு, அது ஃபைலோடு சேர்ந்தே சேவ் ஆகும். தற்காலிகமாக மறைத்துவிட்டு 'அப்ளை ஹைட் ஐசோலேட் டு வியூ' கொடுத்தாலும் அதே நிரந்தர மறைப்புதான்.

ஆர், ஹெச் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்பி அங்கேயே நின்றுவிடக் கூடாது. வியூ ரேஞ்சுக்கு (பிளான் காட்டும் உயர எல்லை) வெளியே இருப்பது, கிராப்பில் (படத்தின் ஓர எல்லை) வெட்டுப்பட்டது, மாஸ்கிங் ரீஜனால் (பின்னால் உள்ளதை மறைக்கும் வெற்றுப் பரப்பு) மூடியது எதுவும் அதில் வராது. வெள்ளை நிறம் கொடுத்து ஓவர்ரைடு செய்த பொருளும் அப்படித்தான். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு. வெள்ளையில் மறைந்ததைப் பிடிக்க ஒரு எளிய வழி: படத்தில் காலியாகத் தெரியும் இடத்தில் வலமிருந்து இடமாக மவுஸை இழுத்துக் கட்டம் போடுங்கள். இடமிருந்து வலமாக இழுத்தால் முழுதாக உள்ளே விழுந்தவை மட்டும் தேர்வாகும். வலமிருந்து இடமாக இழுத்தால் தொட்டதெல்லாம் தேர்வாகும். பிறகு வலது அடி மூலையில் புனல் ஐகான் பக்கத்து எண்ணைப் பாருங்கள். காலி இடத்தில் 3 என்று வந்தால் அங்கே மூன்று பொருள் இருக்கிறது. புனலைக் கிளிக் செய்தால் என்ன வகை என்று பட்டியல் வரும்.

அந்தப் புனலுக்குப் பக்கத்திலேயே வரிசையாகச் சின்ன ஐகான்கள் இருக்கும். 'பின்' (Pin) போட்டு நகராமல் பூட்டியவற்றைத் தேர்வு செய்வது, லிங்க்காக இணைத்த வேறு ஃபைலைத் தேர்வு செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அது அணைந்திருக்கிறது. "அதை கிளிக் பண்ண முடியாது சார், லாக் ஆயிருக்கு" என்றால் பெரும்பாலும் இந்த சுவிட்ச்தான். ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பவற்றில் கர்சரை வைத்து டேப் கீயைத் தட்டத் தட்ட அடுத்தடுத்ததாக நீல நிறம் மாறும். வேண்டியது வந்ததும் கிளிக். கோத்தகிரி ஃபைலின் தரைக்கோடு இப்படித்தான் மாட்டியது. கோட்டைக் கிளிக் செய்தால் ப்ராப்பர்ட்டீஸில் டோப்போசாலிட் என்று வர வேண்டும், வந்தது டீடெயில் லைன்ஸ். ஸ்பாட் எலிவேஷனும் (ஒரு புள்ளியின் உயரத்தைக் காட்டும் குறி) வைத்துப் பாருங்கள். உண்மையான தரையில் லெவல் காட்டும், டீடெயில் லைனில் உட்காரவே உட்காராது. 2024-க்கு முந்தைய ரெவிட்டில் டோப்போசர்ஃபேஸ் என்று பெயர் இருக்கும், சோதனை ஒன்றே.

எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்கப் புதிய 3டி வியூ வேண்டும். புதிதாகப் பிறந்த வியூவில் யாரும் எதையும் ஒவ்வொன்றாக மறைத்திருக்க முடியாது. ஆனால் மேலே வீட்டு ஐகானைத் தட்டினால் ஏற்கெனவே இருக்கும் 3டி வியூவேதான் திறக்கும், அவர்கள் மறைத்த மறைப்போடு. அதனால் பழைய 3டி வியூவுக்கு வேறு பெயர் வைத்துவிட்டு ஐகானைத் தட்டுங்கள், புதியது உருவாகும். அதன் ப்ராப்பர்ட்டீஸில் வியூ டெம்ப்ளேட் (வியூவுக்கான முன்கூட்டிய செட்டிங் தொகுப்பு) 'நன்' (எதுவும் இல்லை), டிசிப்ளின் கோஆர்டினேஷன், ஃபேஸ் ஃபில்டர் 'நன்', செக்‌ஷன் பாக்ஸ் டிக் இல்லாமல், டீடெயில் லெவல் ஃபைன் என்று வைத்து, விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் (வி, வி) ஏதாவது அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கோத்தகிரி வீட்டில் இரட்டைத் தடுப்புச் சுவர் இந்த வியூ திறந்ததுமே தெரிந்தது.

பி.ஓ.க்யூ.வைச் சரிபார்க்கப் போனால் ஷெட்யூலில் 'ஐட்டமைஸ் எவ்ரி இன்ஸ்டன்ஸ்' டிக் செய்யுங்கள். கூட்டுத்தொகையாக ஒரே வரியில் இருந்தது பொருளுக்கு ஒரு வரியாகப் பிரியும். ஒவ்வொரு வரியாகக் கிளிக் செய்து ரிப்பனில் 'ஹைலைட் இன் மாடல்' கொடுங்கள். திறந்திருக்கும் வியூ எதிலும் இது தெரியவில்லை, மூடிய வியூக்களில் தேடட்டுமா என்று ரெவிட் கேட்கும். தேடியும் நல்ல வியூ கிடைக்கவில்லை என்று சொன்னாலோ, நீங்கள் உருவாக்கிய புதிய 3டி வியூவில் மட்டும் காட்டினாலோ அந்த வரிதான் நீங்கள் தேடும் பேய். மறுபக்கமும் உண்டு: ஷெட்யூலின் ஃபில்டர் டேபில் நிபந்தனை போட்டுச் சில வரிகளை வராமல் செய்யலாம். அதையும் திறந்து பாருங்கள்.

வார்னிங் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், மேனேஜ் டேபில் இருக்கிறது. ஒரே பொருள் ஒரே இடத்தில் இரண்டு முறை இருந்தால், ஷெட்யூலில் இரட்டைக் கணக்கு வரும் என்று ரெவிட்டே அதில் எழுதிவைக்கும். ஆனால் அச்சு அசலாக ஒரே இடத்தில் இருந்தால்தான். இரண்டு மீட்டர் தள்ளி இருந்த பழைய சுவருக்கு எந்த வார்னிங்கும் வரவில்லை. வார்னிங் இல்லை என்று காட்டினால் அதை மட்டும் நம்பி விட்டுவிட வேண்டாம்.

கிளாஷ் ரிப்போர்ட்டிலும் (பொருள்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களின் பட்டியல்) ஒரு தில்லுமுல்லு. இன்டர்ஃபியரன்ஸ் செக் (அந்தப் பட்டியலை எடுக்கும் சோதனை) ஓட்டும் முன் சில பொருள்களைத் தேர்வு செய்து வைத்திருந்தால், அவற்றை மட்டுமே சோதிக்கும். நாலு பைப்பைத் தேர்வு செய்து ஓட்டி, மோதல் பூஜ்யம் என்று ரிப்போர்ட் அனுப்புவது சுலபம். எதையும் தேர்வு செய்யாமல், பைப் எதிராக ஸ்ட்ரக்சுரல் ஃப்ரேமிங் (பீம்), பைப் எதிராக சுவர் என்று உங்கள் கண் முன்னால் மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

பேயைக் கண்டுபிடித்த பின் அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். ரைட் கிளிக்கில் 'செலக்ட் ஆல் இன்ஸ்டன்ஸஸ்' கொடுக்கும்போது 'விசிபிள் இன் வியூ', 'இன் என்டையர் ப்ராஜெக்ட்' என்று இரண்டு வரும். இரண்டாவதைக் கொடுத்து டெலிட் அடித்தால், அதே டைப்பில் இருக்கும் நல்ல சுவரும் சேர்ந்து போகும், அதில் தொங்கும் கதவு ஜன்னலும் போகும். பேயின் எலிமெண்ட் ஐ.டி.யைக் (ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள தனி எண்) குறித்துக்கொண்டு 'செலக்ட் பை ஐ.டி.' மூலம் அதை மட்டும் எடுக்க வேண்டும். அதையும் செய்து கொடுத்தவர்களே செய்யட்டும். நீங்கள் தொட்டால் பழி உங்கள் மேல் திரும்பும்.

வேலைக்குக் கொடுக்கும் முன் ஒப்பந்தத் தாளில் நாலு வரி போதும். கைவிட்ட டிசைன், 'டிசைன் ஆப்ஷன்' என்ற தனி மாற்றுத் தொகுப்பில் இருக்க வேண்டும் அல்லது அழிக்கப்பட வேண்டும். ஷீட் வியூக்களில் மறைப்பு எல்லாம் பெயர் வைத்த ஃபில்டர் அல்லது வியூ டெம்ப்ளேட் வழியாக மட்டும். ஈ, ஹெச் மறைப்பு ஏதாவது இருந்தால் ஐ.டி.யோடு பட்டியல் தர வேண்டும். ஆர்.வி.டி. ஃபைலும் வார்னிங் பட்டியலும் வந்து சரிபார்த்த பிறகே கடைசித் தவணை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், சொந்த வீட்டுக்காக வாங்கிய சேவை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, குறை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ஃபைல் வந்த மெயிலை அப்படியே வையுங்கள், ஒதுக்கிவைத்த மூல ஃபைலில் கை வைக்காதீர்கள். ஆர், ஹெச் தட்டி மெஜந்தாவில் தெரியும் திரையை, ப்ராப்பர்ட்டீஸும் ஐ.டி.யும் விழும்படி வியூவுக்கு ஒன்றாகப் படம் எடுத்து, பி.டி.எஃப். ஷீட்டின் அதே பக்கத்தோடு இணைத்துக் கொடுங்கள்.