மரச்சீனி சிப்ஸ்: கிழங்கில் குளுட்டன் இல்லை, பெருங்காயத்தில் இருக்கலாம்

சேலத்தில் குச்சிக்கிழங்கு, நாகர்கோவில் பக்கம் மரச்சீனி, மற்ற இடங்களில் மரவள்ளி. பெயர் எதுவானாலும் கிழங்கில் குளுட்டன் கிடையாது. அது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள புரதம். அப்படியென்றால் ‘குளுட்டன் ஃப்ரீ’ பாக்கெட்டுக்கு ஏன் கூடுதல் விலை? தனி எண்ணெய், தனி இயந்திரம், பரிசோதனை ஆகியவற்றுக்குத்தான். நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி அந்தப் பெயர் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக்கூடாது.

முதலில் தின்று பார்ப்போம். நல்ல சிப்ஸ் வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாக இருக்கும், விரலால் அழுத்தினால் ‘டக்’கென்று உடையும். உருளை சிப்ஸ் நாக்கில் கரையும். இது கரையாது, கடிக்கத்தான் வேண்டும். பாதி ருசியே அந்தக் கடியில் இருக்கிறது. ஆனால் சீவல் 1 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 2 மி.மீ. ஆனால் மேல்பக்கம் வெந்து இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். ஆறியதும் பல்லுக்குச் சோதனை. குச்சி வடிவில் வருவதில் இந்தக் கோளாறு அதிகம், வட்டச் சீவலே மேல். சீவியதைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, துணியில் உலர்த்திப் போடுகிற கடையில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. அலசாமல் போட்டால் மேலுள்ள மாவு எண்ணெயில் உதிர்ந்து கருகும், அடுத்த ஈடு முழுக்கக் கறுப்புப் புள்ளி.

நடுவில் நீலக்கறுப்புக் கோடு தெரிந்தால் அது பழைய கிழங்கு. பிடுங்கி இரண்டு மூன்று நாளிலேயே இப்படி ஆகிவிடும். கசந்தால் துப்பிவிடுங்கள், கசப்புக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் இருக்கும், பொரிப்பதால் அது முழுதாகப் போகாது.

பாக்கெட்டின் பின்பக்கம்தான் முக்கியம். ‘மரவள்ளிக்கிழங்கு, எண்ணெய், உப்பு’ என்றிருந்தால் அது சீவல். ‘மரவள்ளி மாவு’ என்று தொடங்கினால் பிசைந்து தட்டியது. மொறுமொறுப்பு ஒரே சீராக இருக்கும், கிழங்கின் மணம் இருக்காது. சும்மா உப்பு, மிளகாய்த்தூள் என்றால் கவலை குறைவு. மசாலா வகையில்தான் வில்லங்கம்: கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சாட் மசாலாவிலும் பெருங்காயம் உண்டு. சோயா சாஸ் தூள், பார்லி மால்ட் என்று கண்டாலும் தவிர்க்கவும்.

சீலியாக் நோய் (குளுட்டன் பட்டால் குடல் பாதிக்கும் நோய்) இருப்பவர்கள் சுடச்சுடப் போட்டுத் தருகிற கடையில் வாங்குமுன் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: “அண்ணே, இந்தச் சட்டியிலேதான் மைதா கலகலாவும் போடுவீங்களா?” ஆமாம் என்றால் வேண்டாம். நேந்திரமும் உருளையும் மட்டும் போடுகிற சட்டி என்றால் எண்ணெய் பக்கம் பயமில்லை. தூவுகிற பொடி எது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளுட்டன் இல்லை என்பதற்காகச் சர்க்கரை நோயாளிகள் தட்டை நிரப்பிக்கொள்ள வேண்டாம். முழுக்க மாவுச்சத்தும் எண்ணெயும்தான். கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். திறந்து வைத்தால் ஈரம் ஏறி, நொறுங்காமல் தோல்போல் வளையும். அப்படி ஆனதைக் காய்ந்த வாணலியில் சிறுதீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் ஓரளவு தேறும். சிக்கு வாடை அடித்துவிட்டால் குப்பைக்குத்தான்.