கிராஸ் மட்டும் போதுமா, ஷாஃப்டையே மாற்றுவதா?

வண்டி ஊர்ந்து போகும்போது அடியிலிருந்து ஒரு குருவி கத்துகிறது. வேகம் கூடினால் அதுவும் அவசரப்படுகிறது, வண்டி நின்றால் அடங்கிவிடுகிறது. பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குருவி நல்ல பழக்கம். எஞ்சின் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் முனையில், மூட்டாக வேலை செய்யும் கூட்டல்குறி வடிவக் கிராஸில் கிரீஸ் வற்றி, ஊசி பேரிங்குகள் துருவின் மேல் அரைபடும் சத்தம் அது. கிராஸை மட்டும் மாற்றலாம், வேறொரு வண்டியில் கழற்றிய ஷாஃப்டை வாங்கி மாட்டலாம், புதிய ஷாஃப்டே போட்டுவிடலாம். மூன்றையும் செய்து பார்த்தவன் நான். கிராஸைப் பிடிக்கும் இரு காதுள்ள யோக்கும், ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம்தரும் பல்வெட்டு இணைப்பான ஸ்பிளைனும் நன்றாக இருக்கும்வரை கிராஸைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் அவை நன்றாக இருக்கின்றனவா என்பதை வண்டிக்கு அடியில் படுத்துத்தான் சொல்ல முடியும்.

ஒருமுறை ரிவர்ஸ் போடும்போதெல்லாம் 'டங்' என்று இடித்த சத்தத்துக்காக முழு ஷாஃப்டையும் மாற்றினேன். மறுநாள் காலை ரிவர்ஸ் போட்டேன்: அதே 'டங்'. முன், பின் ஷாஃப்டுகளுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கீச்சொலி பெரும்பாலும் கிராஸைத்தான் காட்டிக்கொடுக்கும்; இடியொலிக்கோ கிராஸ், ஸ்பிளைன், அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலின் பல்லிடைவெளி, மவுண்ட் என்று நாலு பேர் மேல் சந்தேகம் வரும். நடுக்கம் இன்னொரு வகை. அதில் கணக்கு உதவும். 75 செ.மீ. விட்டமுள்ள டயர் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ ஒன்பதரை முறை சுற்றுகிறது. ஆக்சில் விகிதம் 4.1 என்றால், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.1 முறை சுற்றுமென்றால், ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,300 சுற்று. ஆகவே சக்கர பாலன்ஸ் கோளாறு ஸ்டியரிங்கை மெதுவாக ஆட்டும். ஷாஃப்ட் கோளாறு அதைவிட நாலு மடங்கு விரைவான அதிர்வாக இருக்கை வழியே ஏறும். வளைவில் திரும்பும்போது மட்டும் 'டக் டக்' என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முன்சக்கரம் திரும்பியபடியே சுற்ற உதவும் சி.வி. ஜாயிண்டைப் பாருங்கள்.

கையால் சோதிப்பது எளிது. நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஜாயிண்டின் இரு பக்கமும் ஒவ்வொரு கையால் பிடித்து எதிரெதிராகத் திருக வேண்டும். யோக்குக்கும் கிராஸுக்கும் இடையே இம்மியளவு அசைவு தெரிந்தாலும் கிராஸ் போய்விட்டது. கிராஸின் முனைகளை மூடும் கப்பின் விளிம்பில் செங்கல் பொடி போலத் துரு படிந்திருந்தால் திருகிப் பார்க்கவே தேவையில்லை. ஸ்பிளைன் பகுதியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் புதிய கிராஸ் அதைச் சரிசெய்யாது. கட்டை வைப்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில் இருக்கிறது. பின்ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் அந்த பிரேக் எதையும் பிடிக்காது.

எந்த ஷாஃப்ட் என்று புரியாவிட்டால், முன்சக்கரத்தை அச்சிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டியில் ஹப்பைத் திறந்துவிட்டு டூ வீலில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் முன்பக்கம்தான் குற்றவாளி.

இனி கிராஸ். பாகம் சிறியது, வேலை பொறுமைக்கானது. கழற்றும் முன், ஷாஃப்ட் போல்ட்டால் இணையும் தட்டான ஃபிளேஞ்சிலும் ஷாஃப்டிலும் ஸ்பிளைனின் இரு பாதியிலும் பெயிண்ட் கோடு போட்டுவிட வேண்டும். நான் ஒருமுறை கோடு போடாமல் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டு, புதிய கிராஸைக் குறைசொல்லிக்கொண்டு ஒரு வாரம் நடுங்கினேன். கிராஸ் ஜாயிண்ட் சாய்வில் சுற்றும்போது சீராகச் சுற்றாது: ஒரு சுற்றுக்கு இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். 10 பாகைச் சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம், 20 பாகையில் ஆறு சதவீதம். ஒரு முனையின் தவறை மறுமுனை அழிப்பதற்குத்தான் இரு யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்கின்றன. சில வண்டிகளின் முன்ஷாஃப்டில் தயாரிப்பாளரே வேண்டுமென்று மாற்றி வைத்திருப்பார். ஆகவே ஊகத்தை நம்பாமல் கோட்டை நம்புங்கள்.

வைஸில் வைத்துக் கப்பை அழுத்தும்போது கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் முரண்டு பிடிக்கும், கப்பை வெளியே வராமல் தடுக்கும் சர்க்ளிப் வளையம் பள்ளத்தில் உட்காராது. அப்போது சுத்தியலைத் தேடாதீர்கள். உள்ளே ஓர் ஊசி சரிந்து கப்பின் அடியில் குறுக்காகப் படுத்திருக்கிறது. கழற்றி, கெட்டியான கிரீஸில் ஊசிகளை நிற்கவைத்து மறுபடியும் அழுத்துங்கள். எல்லாம் உட்கார்ந்த பின் கிராஸ் கையால் ஆட்டினால் இறுகலாக இருந்தால், யோக்கின் காதில் லேசாக ஒரு தட்டு. கப் சர்க்ளிப்பை நோக்கி மயிரிழை நகர்ந்து தளர்ந்துவிடும்.

கிரீஸ் செலுத்தும் முனையான நிப்பிள் உள்ள கிராஸா, மூடிய கிராஸா என்று வாதாடுவோர் இரு பக்கமும் உண்டு. மூடியதில் கிரீஸ் துளை கிடையாது, எனவே உடல் திடமானது. ஆனால் சேற்றிலும் நீரிலும் இறங்கும் வண்டிக்கு நான் நிப்பிள் உள்ளதைத்தான் போடுவேன். கிரீஸ் கன்னை அழுத்தும்போது நான்கு சீல்களிலிருந்தும் பழுப்பு நீர் வெளியே வருவதைப் பார்த்தவர்கள் மாற்றிப் பேச மாட்டார்கள். கிரீஸ் கன்னைத் தொடவே மாட்டேன் என்பவருக்கு மூடியதே உத்தமம்.

கழற்றி விற்கும் பழைய ஷாஃப்ட் எனக்கு ஒத்துவரவில்லை. அதன் கிராஸும் உங்களுடையதன் வயதுதான். எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும். நீளமும் ஃபிளேஞ்ச் துளைகளும் ஒரே மாடலிலேயே கியர்பாக்ஸுக்கு ஏற்ப மாறுவதுண்டு. குழாய் நசுங்கியோ பாலன்ஸ் தகடு உதிர்ந்தோ இருந்தால் நடுக்கத்தை விலைகொடுத்து வாங்கியதாகும். உங்கள் குழாய் பாறையில் மோதி வளைந்து, புதியது கிடைக்கவே கிடைக்காத மாடல் என்றால் மட்டும் இந்த வழி.

புதியதோ, பட்டறையில் புதுப்பித்து பாலன்ஸ் செய்ததோ, செலவு மிக்கது. ஆனாலும் மூன்று நிலைகளில் நானே அதைத்தான் எடுப்பேன். யோக்கின் காதுத்துளை நீள்வட்டமாகி, புதிய கப் கைவிரலால் தள்ளினாலே உள்ளே போகிறது. ஸ்பிளைன் தேய்ந்து ஆடுகிறது. அல்லது வண்டி உயர்த்தப்பட்டு, சாய்வு கூடி, எத்தனை கிராஸ் போட்டாலும் சீக்கிரமே கத்துகிறது. மூன்றாவது நிலையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரண்டு கிராஸ் அடுத்தடுத்து அமைந்த இரட்டை ஜாயிண்ட் உள்ள ஷாஃப்டும், அதை நேர்நோக்கும்படி பினியனின் (டிஃபரென்ஷியலில் ஷாஃப்ட் இணையும் பல்சக்கரம்) சாய்வைத் திருத்துவதும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் சத்தம் இடம் மாறுமே தவிரப் போகாது.

புதிய ஷாஃப்ட் வந்த உற்சாகத்தில் ஸ்பிளைனில் கிரீஸை அடைத்துவிடாதீர்கள். உள்ளே காற்றுக்கும் இடமில்லாமல் நிரம்பினால், பள்ளத்தில் ஆக்சில் மேலேறும்போது ஷாஃப்ட் சுருங்க முடியாமல் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கை இடிக்கும். இரட்டை ஜாயிண்டின் நடுவில் ஒரு சிறு பந்து உண்டு. கிரீஸ் போட வழி இருந்தாலும் அதன் நிப்பிள் சாதாரண கன் முனை புகாத இடுக்கில் இருப்பதால் பலர் அதைத் தொடுவதே இல்லை. கிராஸ்கள் எல்லாம் புதிதாக இருந்தும் குருவி கத்தினால், கூடு அங்கேதான்.