லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டல்லாஸ்: தெற்கு வழியா, வடக்கு வழியா?

செஸ்னா 172 மாதிரி ஒரு சின்ன விமானத்தில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டல்லாஸ் போகத் திட்டம் போடுகிறவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஐ-10 நெடுஞ்சாலையை ஒட்டி டூசான், எல் பாசோ என்று போவது தெற்கு வழி. ஐ-40-ஐ ஒட்டி ஃபிளாக்ஸ்டாஃப், ஆல்புகர்க்கி என்று போவது வடக்கு வழி. தூரத்தை வைத்து முடிவெடுக்க முடியாது, இரண்டுமே ஏறக்குறைய 1,100 கடல் மைல்தான். தரையின் உயரமும் வெயிலும்தான் முடிவு செய்யும். கோடையில் தெற்கு, அக்டோபரில் வடக்கு என்பது என் கட்சி.

முதலில் வடக்கு. ஃபிளாக்ஸ்டாஃப் ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து 7,014 அடியில் இருக்கிறது. ஜூலை மத்தியானம் 30 டிகிரி வெயிலில் அங்கே காற்று எவ்வளவு மெலிந்துவிடுகிறது என்றால், விமானம் 10,500 அடியில் நிற்பதாகத்தான் இன்ஜினும் இறக்கையும் உணரும். டென்சிட்டி ஆல்டிட்யூட் என்று படித்து மனப்பாடம் செய்ததெல்லாம் அங்கேதான் உடம்பில் உறைக்கும். ஒருமுறை அங்கே பிரேக்கை அழுத்திக்கொண்டு, த்ராட்டிலை முழுசாகத் திறந்து, காற்றோடு கலக்கும் பெட்ரோலைக் குறைக்கிற சிவப்புக் குமிழை மெல்ல வெளியே இழுத்து, இன்ஜினின் சுழற்சி உச்சத்தைத் தொடும் இடத்தில் நிறுத்தினேன். அப்படியும் ஓடுதளம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது, சக்கரம் எழவில்லை. எழும்பிய பிறகு ஏறுவேக முள் நிமிடத்துக்கு 300 அடியைத் தொடவே இல்லை, எதிரே பைன் மரங்கள்.

அன்றிலிருந்து வடக்கு வழியில் போனால் பெட்ரோலுக்கு ஃபிளாக்ஸ்டாஃபில் இறங்குவதில்லை. இன்னும் கொஞ்சம் கிழக்கே வின்ஸ்லோ இருக்கிறது, 2,000 அடி தாழ்வு. அந்த ஒரு மாற்றமே பெரிய நிம்மதி. ஆல்புகர்க்கியைத் தாண்டும்போது மட்டும் சாண்டியா மலையை மனதில் வையுங்கள், உச்சி 10,678 அடி, மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அதன் கிழக்குப் பக்கம் விமானத்தை உலுக்கி எடுத்துவிடும்.

தெற்கு வழியில் தரை தாழ்வு. எல் பாசோவே 4,000 அடிக்குக் கீழேதான். காற்றும் மேகமும் ஒத்துழைத்தால் பெரும்பாலும் 7,500 அடியிலேயே ஓட்டிவிடலாம், வடக்கே 9,500-க்கு ஏறியே ஆகவேண்டும். ஆனால் தெற்கே வேறு கணக்கு. கிலா பெண்ட் பக்கம் ராணுவப் பயிற்சி வான்வெளி, எல் பாசோவுக்கு வடக்கே ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளம், தெற்கே மெக்சிகோ எல்லை. நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. ரேடியோவில் ஃபிளைட் ஃபாலோயிங், அதாவது கட்டுப்பாட்டாளர் ராடாரில் நம்மைக் கவனித்துக்கொண்டே வரும் உதவி, கேட்டு வாங்கிக்கொள்ளாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அப்புறம் எல் பாசோவுக்குக் கிழக்கே குவாடலூப் கணவாய். பக்கத்துச் சிகரம் 8,751 அடி, டெக்சஸிலேயே உயரமானது. வசந்தகாலத்தில் அங்கே காற்று பேய்த்தனமாக வீசும். அந்தக் கணவாயிலேயே தானியங்கி வானிலை நிலையம் ஒன்று இருக்கிறது, அதன் அறிக்கையைக் காலையில் பார்த்துவிட்டு, காற்று 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்துக்கு மேல் என்றால் நான் ஐ-10-ஐ விடாமல் வான் ஹார்ன் வழியாகச் சுற்றிக்கொள்வேன். கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஆகட்டும்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய அரிசோனாவில் மழைக்காலம், பிற்பகலில் இடிமேகம் கட்டும். எந்த வழியானாலும் விடியும்போது கிளம்பி மத்தியானத்துக்குள் இறங்கிவிடுங்கள், மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் வடக்கே பனியும் இறக்கையில் உறையும் ஐஸும் இருப்பதால் அதைப் பற்றி யோசிப்பதே வீண்.

எரிபொருள் விஷயத்தில் இரண்டு வழிக்கும் ஒரே கணக்குதான். செஸ்னா 172-இன் எஸ் ரகத்தில் பயன்படுத்தக்கூடியது 53 கேலன், கையேட்டுப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பகலில் 30 நிமிட இருப்பு போதும் என்கிறது சட்டம். நான் ஒரு மணி நேரம் வைக்கிறேன், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்குகிறேன். ஆளும் பெட்டியும் அதிகமானால் தொட்டியை நிரப்ப முடியாது, முழுத் தொட்டியே 318 பவுண்டு. அப்போது நிறுத்தங்கள் கூடும், நிறுத்தம் கூடினால் தாழ்வான ஓடுதளங்கள் நிறைய இருக்கிற தெற்குதான் சரி.

திரும்பி வருவதற்கு இதே திட்டத்தைத் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள். மேற்கே வரும்போது எதிர்க்காற்று, போகும்போது மூன்று நிறுத்தம் என்றால் வரும்போது நான்கு ஆகலாம். போன அக்டோபரில் வின்ஸ்லோவில் அந்த நான்காவது நிறுத்தத்தைப் போட்டபோது மாலை ஐந்து மணி, அன்று இரவு அங்கேயே தங்கிவிட்டோம்.