ஐவரியா, இளஞ்சந்தனமா? சாரல் அடிக்கிற ஊரில் ஒரு சுவர்

ஷேடு கார்டில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன. "ரெண்டும் ஒண்ணுதான அண்ணாச்சி, எதையாவது சொல்லுங்க, அடிச்சிருவோம்" என்றார் பெயிண்டர். செங்கோட்டையில் மேற்குப் பக்கத்துப் படுக்கையறை. ஐவரியா (தந்த வெள்ளை), இளஞ்சந்தனமா என்று ஒரு வாரம் அவரை இழுத்தடித்தேன்.

விலையில் சொல்லும்படி வித்தியாசமில்லை. பகலில் சந்தனம் இதம். ஐவரி அறையைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டும். இரவிலும் ஒருதடவை பார்த்துவிடுங்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் சந்தனம் சோகை பிடித்தாற்போல் ஆகிறது. 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் அதுவே அழகு. எங்கள் வீட்டில் எல்லாம் வெள்ளை விளக்கு.

ஆனாலும் முடிவு செய்தது ஓதம்தான். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியே வரும் சாரல் மேற்குச் சுவரை விடாமல் நனைக்கும். சுவர் காயும்போது உள்ளே கரைந்த உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். பெயிண்ட் பொரிந்து உதிரும். எந்த நிறமும் இதைத் தடுக்காது. வெளிச்சுவர் விரிசலை அடைத்தும் ஓரத்தில் கொஞ்சம் வரத்தான் செய்கிறது. ஆக, ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் சுரண்டிப் பட்டி பார்த்து டச்சப் செய்வது வருஷாந்திர வேலை.

முன்பு இதே அறையில் சந்தனம்தான் இருந்தது. எடுத்து வைத்த அதே டப்பா மிச்சத்தை வைத்துத்தான் டச்சப் செய்தோம். சுவர் மங்கிப்போயிருந்ததால், தொட்ட இடம் பழைய வேட்டியில் புதுத்துணி ஒட்டுப் போட்டதுபோல் தெரிந்தது. ரோலரில் அடித்த சுவரைப் பிரஷ்ஷால் தொட்டது இன்னும் மோசம். கடைசியில் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடிக்க வேண்டியதாயிற்று. 12க்கு 10 அடிச் சுவர், இரண்டு கோட். லிட்டர் கணக்கு ஒருபக்கம், ஒருநாள் கூலி மறுபக்கம். அதனால் ஐவரிக்கு மாறினேன். அதில் அந்த ஒட்டு, தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது.

ஐவரியில் நான் பார்த்தது இரண்டு சாரல்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் கிடையாது. கைத்தடம் படுகிற வீடென்றால் என் கணக்கு தப்பலாம். துடைக்கிற மாதிரி எமல்ஷனாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

"சந்தனம்தான்டா மங்களகரம்" என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாம்பிளுக்கு வாங்கியதில் மிஞ்சிய சந்தனத்தைப் பூஜை மாடத்துக்கு அடித்துக் கொடுத்தேன். அங்கே ஓதம் எட்டாது.