எழுத்துத் திரையில் பேக்கேமன்: டீச்கேமனா, ஜிஎன்யு பேக்கேமனா?

பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை விளையாட்டான பேக்கேமனைப் படங்கள் இல்லாத எழுத்துத் திரையிலேயே கற்க விரும்புபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பெர்க்லி யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் விளையாட்டுத் தொகுப்பில் வந்த டீச்கேமன். 24 கட்டங்களில் ஆளுக்கு 15 காய்களை எப்படி நகர்த்துவது, தனித்து நிற்கும் காய் எப்படி வெட்டுப்படும் என்பவற்றைப் பொறுமையாகச் சொல்லித்தரும் அந்த நிரல், விதிகளே தெரியாதவருக்கு மிகவும் ஏற்றது. ஆனால் அதன் துணையாக வரும், நம்முடன் ஆடும் 'பேக்கேமன்' என்ற நிரலின் ஆட்டத்திறன் குறைவு; அதன் கையேடே அதை ஒப்புக்கொள்கிறது.

இரண்டாவதான ஜிஎன்யு பேக்கேமன் என்ற கட்டற்ற மென்பொருள், மூளை நரம்புகளைப் போல அமைந்த நரம்பியல் வலைப்பின்னல் என்ற கணிப்பு முறையைக் கொண்டு காய்நிலையை மதிப்பிடுவதால், வலிமையான எதிராளியாகவும் நல்ல ஆசானாகவும் அமைகிறது. ஆட்டத்தின் முதல் நகர்வில் பகடையில் 3, 1 விழுந்தால் 8/5 6/5 என்று தட்டச்சு செய்ய வேண்டும். எட்டிலிருந்து ஒரு காயும் ஆறிலிருந்து ஒரு காயும் ஐந்தாம் கட்டத்தில் சேர்ந்து அதை நம் வசமாக்கும். 'ஹின்ட்' என்று கேட்டால், சாத்தியமான நகர்வுகளைத் தரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் வெற்றி வாய்ப்பையும் எண்களாகக் காட்டும். அந்த எண்களைத் தினமும் பார்த்துப் பழகியவருக்கு, எந்தக் காயைத் துணிந்து தனியே விடலாம் என்பது மெல்ல மெல்லப் பிடிபடும். இந்தப் பயிற்சியை டீச்கேமனால் தர இயலாது.

ஆகவே, விதிகளுக்கு ஒரு மாலைப்பொழுது டீச்கேமனிடம் அமர்ந்துவிட்டு, மறுநாளே ஜிஎன்யுவுக்கு மாறிவிடுவதையே பரிந்துரைப்பேன்.